மார்வின் நல்லவன் இல்லை, அதனால்தான்

'ஃபால்செட்டோஸ்' இசை நாடகத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 2016 அக்டோபரில் பிராட்வேயில் மறுபடி மேடையேறிய அது, 2017 ஜனவரியிலேயே முடிந்துபோனது. நல்லவேளை, படம்பிடித்து வைத்தார்கள். என்னைப் போன்ற ரசிகர்கள் பலரும் அந்தப் பதிவு வழியாக உள்ளே வந்தவர்கள்தான்.

கதை 1979 நியூயார்க்கில் தொடங்குகிறது. மனைவி ட்ரீனாவையும் மகன் ஜேசனையும் விட்டுவிட்டுத் தன் காதலன் விஸ்ஸரோடு வாழப் போகிறான் மார்வின். ஆனால் அவனுக்கு எல்லாமே வேண்டும். காதலனும் வேண்டும், பழைய குடும்பமும் கூடவே இருக்க வேண்டும். விஸ்ஸர் வீட்டோடு இருந்து சமைத்துப்போட வேண்டும் என்கிறான். விஸ்ஸருக்குச் சதுரங்கம் சொல்லித்தர உட்கார்ந்து, சண்டை போட்டு, அவனை வெளியே அனுப்புகிறான். தன்னுடைய மனநல மருத்துவரையே ட்ரீனா மணக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அவளை ஓங்கி அறைகிறான்.

"இவனுக்காகவா அழுகிறாய்?" என்று தோழி கேட்டாள். ஆமாம், இவனுக்காகத்தான். தன்பாலீர்ப்பாளர் ஒருவர் மேடைக்கு வந்தால் சிரிக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு குறையும் சொல்ல முடியாத நல்லவராக இருக்க வேண்டும், அப்போதுதான் பார்ப்பவர்களுக்கு மனம் இரங்கும் என்று நினைக்கிறார்கள். பாடல்களை எழுதி இசையமைத்த வில்லியம் ஃபின் அந்த இரக்கத்தைக் கேட்கவே இல்லை. மார்வின் சுயநலக்காரன். அவன் காதலும் நிஜம்.

இதில் என்னை உலுக்குவது ஒன்று உண்டு. முதல் பாதி 1981இல் தனி நாடகமாக வந்தது. பின்னால் எய்ட்ஸ் என்று பெயர்பெற்ற நோயைப் பற்றி அமெரிக்காவில் முதல் மருத்துவக் குறிப்பு வெளியானதும் அதே ஆண்டு ஜூனில்தான். என்ன வரப்போகிறது என்று தெரியாமலேயே ஃபின் அந்தச் சண்டைகளை எழுதியிருக்கிறார். இரண்டாம் பாதி 1990இல் வந்தது. 1992இல் இரண்டும் ஒன்றாகி, கதைக்கும் இசைக்கும் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது வாங்கின. 2025 ஏப்ரலில் ஃபின் மறைந்தபோது நான் முதல் பாதியை மட்டும்தான் போட்டுப் பார்த்தேன். அதில் யாருக்கும் நோய் இல்லை.

இரண்டாம் பாதியில் பக்கத்து வீட்டு டாக்டர் சார்லட், வாலிபர்கள் ஒருவர் பின் ஒருவராக நோயோடு வருவதைப் பார்த்துப் பதறுகிறாள். அது என்ன நோய் என்று நாடகம் கடைசிவரை பெயர் சொல்வதில்லை. 2016 மேடையில் ஒரு பெரிய சாம்பல் நிறக் கனசதுரம் இருக்கும். நடிகர்களே அதிலிருந்து துண்டு துண்டாக உருவி நாற்காலி, மேசை, வாசல் என்று அடுக்குவார்கள். பிள்ளைகள் கட்டும் பொம்மை வீடு மாதிரி. விஸ்ஸரும் அந்த நோயில் படுத்துவிட்டதும் நிஜமான ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று உள்ளே வரும். எனக்கு அடிவயிறு கலங்கும்.

சக ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள். மார்வின், விஸ்ஸர் ஜோடியை மட்டும் கொண்டாடிவிட்டுப் போகாதீர்கள். சமையலறையில் நின்றபடி உடைந்துபோகும் ட்ரீனாவின் பாட்டை நகர்த்தாமல் கேளுங்கள். அப்புறம் கடைசிக்குப் போங்கள். யூதப் பையன்களுக்குப் 13 வயதில் செய்யும் பார் மிட்ஸ்வா சடங்கை விஸ்ஸரின் ஆஸ்பத்திரி அறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறான் ஜேசன். எல்லோரும் வருகிறார்கள். யாருக்காகக் கணவன் தன்னை விட்டுப் போனானோ அவன் கட்டிலருகே, மகனின் விழாவுக்காக ட்ரீனாவும் வந்து நிற்கிறாள்.