அந்தப் பிள்ளை நுனிப்புல் மேயவில்லை

ஐந்து நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். எழுத வேண்டாம், எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று ராத்திரி அந்தக் காணொளியை இன்னொருவர் பகிர்ந்து, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறி போட்டிருந்ததைப் பார்த்த பிறகு முடியவில்லை.

நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். போன ஞாயிறு ராமநாதபுரத்தில் ஒரு வாசிப்புக் கூட்டம். காணொளி அங்கே எடுத்ததுதான். பேச வந்தவர் பேரை எழுத மாட்டேன். “இந்த வருஷம் என்னென்ன படித்தீர்கள்?” என்று பிள்ளைகளைக் கேட்டார். பாம்பனிலிருந்து நான் கூட்டிப் போன பிள்ளை, பிளஸ் டூ படிக்கிறவள், எழுந்து நின்றாள். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. பவளப்பாறை பற்றி ஒரு புத்தகம். மீன்பிடிச் சட்டத்தை எளிய தமிழில் விளக்கும் ஒரு சின்ன நூல். கலாம் ஐயாவின் ‘அக்னிச் சிறகுகள்’. அப்புறம் இரண்டு துப்பறியும் கதைகள். ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் சொன்னாள். கை நடுங்கியது.

“இது என்னம்மா, கதம்பச் சோறா?” என்றார் அவர். சபை சிரித்தது. “நுனிப்புல் மேயக் கூடாது. அகல உழுவதை விட ஆழ உழு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஒரு துறையை எடு, அதை உருப்படியாகப் படி.” கை தட்டினார்கள். பிள்ளை உட்கார்ந்தாள். சீட்டை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். பஸ் மண்டபம் ஊரைத் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறும்போது எப்போதும் சன்னலில் எட்டிப் பார்ப்பவள், அன்றைக்குப் பார்க்கவில்லை.

அவள் நுனிப்புல் மேயவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன், இந்தப் பதிவு முடியும் வரை இதையேதான் சொல்வேன்.

அந்தப் பட்டியல் எப்படி உண்டானது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன். ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்த நாவல். அதில் வல்லம் என்ற நாட்டுப்படகு வைத்திருப்பவர்களுக்கும் லாஞ்ச் என்ற விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் பகை முற்றும். படித்துவிட்டு வந்து, “அக்கா, இது நம்ம ஊர்ச் சண்டைதானே” என்றாள். அவளுடைய அப்பா நாட்டுப்படகில் போகிறவர். இங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்திருக்கிறோம். யார் வைத்த முறை, எதற்கு வைத்தது என்று வீட்டில் கேட்டாள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதனால்தான் சட்டப் புத்தகத்துக்குப் போனாள். 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது என்பது, எல்லாம் அவளுக்கு இப்போது தெரியும். நாவல் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் போய்ப் பதில் தேடியவளை எந்தக் கணக்கில் புல் மேய்கிறவள் என்கிறீர்கள்?

பவளப்பாறைக்கு வந்ததும் அப்படித்தான். அவளுடைய அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்னால் இருந்தே பாசி எடுத்த குடும்பம் அது. இன்றைக்குத் தீவுப் பக்கம் போனால் தடுக்கிறார்கள். அப்படி அந்தத் தீவுகளில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் புத்தகத்தை வாங்கிப் போனாள். பவளம் உயிருள்ளது என்றும், சுண்ணாம்புக்காகவும் சிமெண்டுக்காகவும் அதை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள் என்றும், இரண்டு தீவு கடலுக்குள் போய்விட்டது என்றும் படித்துவிட்டு வந்து, “அம்மா சொல்றதும் நியாயம், இதுவும் நியாயமா இருக்கே அக்கா” என்று திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயசு. ஒரு துறையை மட்டும் உருப்படியாகப் படித்த பெரியவர்கள் எத்தனை பேருக்கு அந்த இரண்டு நியாயமும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது?

சரி, ஆழ உழு என்ற பழமொழிக்கு வருகிறேன். நல்ல பழமொழிதான். உழுகிறவர் சொன்னது. எங்களிடம் உழ நிலம் இல்லை. என் அப்பா வீட்டு மச்சில் நண்டு வலை தனியாக, முரல் வலை தனியாக, கணவாய்த் தூண்டில் தனியாகக் கிடக்கும். வாடைக் காற்று அடிக்கும்போது ஒன்று, கச்சான் காற்று அடிக்கும்போது ஒன்று. ஒரே வலையை வருஷம் முழுக்கப் போடுகிறவனை எங்கள் ஊரில் யாரும் ஆழமானவன் என்று சொல்ல மாட்டார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று புரியாது.

எங்கள் வீட்டுக்குப் புத்தகம் கடையிலிருந்து வரவில்லை. எடைக்கு வந்தது. அம்மா கருவாடு விற்றவர். பொட்டலம் கட்டுவதற்கு மண்டபத்தில் பழைய பேப்பர் கடையில் கட்டுக் கட்டாக எடை போட்டு வாங்குவார். ஒரே கட்டில் வார இதழ் இருக்கும், பாதி கிழிந்த நாவல் இருக்கும், மீன்வளத்துறை அறிக்கை இருக்கும், ஹோமியோபதிப் புத்தகம் இருக்கும். அம்மா கிழிப்பதற்கு முன்னால் நான் படிக்க வேண்டும். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து அதுதான் நடந்தது. எதை முதலில் படிப்பது, எந்தத் துறையை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கிற இடத்தில் நான் இருக்கவில்லை. நாளைக்குச் சூடைக் கருவாடு எதில் பொட்டலமாகுமோ அதை இன்றைக்கு ராத்திரி படித்தேன்.

அப்படி ஒரு தடவை ஒரு வங்க நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு வந்தது. அட்டை இல்லை, முதல் முப்பது பக்கம் இல்லை. அதில் ஒரு பெண்ணின் புருஷன் செத்துப்போவான். அவள் கையில் கிடக்கும் சங்கு வளையலை உடைப்பார்கள். அந்தப் பக்கத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். எங்கள் பக்கம் தாலி அறுப்பார்கள், கண்ணாடி வளையல் உடைப்பார்கள், பார்த்திருக்கிறேன். சங்கில் ஏது வளையல்? குழந்தைக்குப் பால் புகட்டுவதற்குச் சங்கு உண்டு, பூசைக்கு உண்டு. கையில் போடுவார்களா? யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் அந்தப் பக்கமும் கருவாட்டோடு போய்விட்டது.

வருஷங்கள் கழித்து, மீன் கம்பெனியில் கணக்கு எழுத வந்த பிறகு, சங்கைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் எழுதிய ஆங்கிலப் புத்தகம் போனில் கிடைத்தது. அவர் மதராஸ் மாகாணத்து மீன்வளத்துறையில் இருந்தவர். பாம்பனின் பழைய ரயில் பாலம் திறந்த அதே வருஷம் வந்த புத்தகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அகராதி வைத்துக்கொண்டு நாலு மாசம் படித்தேன். அதில்தான் இருந்தது. நம் கடலில் குளித்து எடுக்கும் சங்கு மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குப் போகிறது. டாக்காவில் அதை அறுத்து வளையல் செய்கிறார்கள். கல்யாணமான பெண்கள் போட்டுக்கொள்கிறார்கள்.

என் தாய்மாமா கீழக்கரைப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் சங்கு குளித்தவர். காது இரண்டும் மந்தமாகிவிட்டது. “இதெல்லாம் எங்க மாமா போகுது?” என்று சின்ன வயசில் கேட்டால் “வடக்கே” என்பார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறிப் போய், அவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன். வளையல், கல்யாணம், டாக்கா, எல்லாம் சொன்னேன். அந்த நாவலில் வந்ததையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “புருஷன் செத்தா உடைச்சிருவாங்களா? நாங்க மூச்சடக்கி எடுத்ததையா?”

அந்தக் கேள்வி நாவலில் கிடையாது, ஹார்னெல் புத்தகத்திலும் கிடையாது. நான் இரண்டையும் படித்திருந்ததால்தான் என் மாமா வாயிலிருந்து அது வந்தது. இதைத்தான் சொல்கிறேன். ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்தைக் கேட்கும். கதை ஒரு தகவலைக் கேட்கும், தகவல் ஒரு கதையைக் கேட்கும். கேட்ட பிறகும் போகாமல் ஒரே அலமாரியில் நிற்பதை ஆழம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ராமநாதபுரத்தில் அதே மேடையில் கலாம் ஐயா பேரை அந்தப் பேச்சாளர் எத்தனை தடவை சொன்னார் என்று காணொளியிலேயே எண்ணிக்கொள்ளலாம். ‘அக்னிச் சிறகுகள்’ அந்தப் பிள்ளையின் பட்டியலிலும் இருந்தது. அதில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் வருகிறார். ராமேஸ்வரத்தில் தன் வீட்டில் நிறையப் புத்தகம் வைத்திருந்து, படி, முடிந்ததையெல்லாம் படி என்று சின்னப் பையனாக இருந்த கலாமுக்கு இரவல் கொடுத்து அனுப்பியவர். திருச்சியில் கல்லூரியில் படிக்கும்போது கலாம் டால்ஸ்டாய் படித்தார், ஸ்காட் படித்தார், ஹார்டி படித்தார், அப்புறம் தத்துவமும் படித்தார். இயற்பியல் மேல் பெரிய ஆசை வந்ததும் அதே சமயத்தில்தான். அவரே எழுதியிருக்கிறார். மாணிக்கம் வீட்டு வாசலில் யாராவது நின்று, “என்ன தம்பி, கதம்பமா?” என்று சிரித்திருந்தால்?

இனி எனக்கு வரப்போகும் பதில்கள் தெரியும்.

“அவர் நல்லதுக்குத்தானே சொன்னார்.” இருக்கட்டும். நல்லதைச் சொல்வதற்கு நூறு பேருக்கு முன்னால் ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

“துப்பறியும் கதையெல்லாம் ஒரு வாசிப்பா?” வாசிப்புதான். எனக்கு இதில் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

“முதலில் பரீட்சைக்குப் படிக்கட்டும், வேலைக்குப் போகட்டும், அப்புறம் கதை படிக்கலாம்.” இதற்கு மட்டும் நின்று பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது. என் சித்தப்பா மகன் குரூப் ஃபோர் எழுதி வேலைக்குப் போன பிறகுதான் அந்த வீட்டில் கடன் நின்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் கூலிக்காரர் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் வேலை என்ற சொல்லுக்கு என்ன எடை என்று தெரியும். அதனால் வழிகாட்டிப் புத்தகம் படிக்காதே என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. அது மட்டும் போதும் என்று சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை நாவலும் படிக்கலாம், விண்வெளியும் படிக்கலாம், அதற்கு “பரந்த வாசிப்பு” என்று பேர். பாசி எடுக்கிறவர் மகள் படித்தால் கதம்பம், நுனிப்புல். இதை எழுதும்போதே கை பதறுகிறது. அந்தச் சிரிப்பில் இது இருந்ததா இல்லையா என்று சிரித்தவர்கள் தங்கள் மனசைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நூலக இயலின் ஐந்து விதிகளை 1931இல் எழுதிய ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்றார். இன்னாருக்கு இன்ன துறைதான் என்று அவர் எழுதவில்லை. சொத்து வரியோடு நூலக வரி பாம்பன்காரரும்தான் கட்டுகிறார். அந்த அலமாரியில் எல்லாத் தட்டும் எங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒரு கேள்வி வரும்: “இவ்வளவு பேசுகிற நீ அன்றைக்கு ஏன் எழுந்து பேசவில்லை?”

பேசவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்திருக்கலாம் என்று முந்தானையைச் சரிசெய்தேன், சபை கை தட்டியது, உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நாளாக எனக்குத் தூக்கம் வராததற்கு அவர் காரணம் இல்லை, இதுதான் காரணம். அந்தப் பிள்ளை ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள்.

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் கடலிலிருந்து வந்திருந்தார். விரலில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். உப்பில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. “படிச்சதச் சொன்னா சிரிப்பாங்கன்னு தெரிஞ்சா அனுப்பிருக்கவே மாட்டேன் மதினி” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

கிளம்பும்போது பிள்ளை உள்ளேயிருந்து வந்து பவளப்பாறைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். உள்ளே அந்தச் சீட்டு இருந்தது, எட்டாக மடித்த கோடுகளோடு. அவள் சபையில் சொன்ன ஆறு புத்தகத்துக்குக் கீழே, சொல்லாமல் விட்ட ஒரு வரி: “அடுத்து சங்குப் புத்தகம். இங்கிலீஷ். அக்காகிட்ட கேக்கணும்.”

நாளை மறுநாள் ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி, எங்கள் வீட்டுத் திண்ணை. ஹார்னெல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்து, வரி வரியாகத் தமிழில் சொல்லப் போகிறேன். அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மாவையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.