பாட்டியின் காதுக்குப் பின்னால் இருந்த ரத்தக்கட்டு

நான் நர்ஸ். ஒரு பாட்டிக்கு பி.பி. பார்க்கும்போதுதான் கவனித்தேன், காதுக்குப் பின்னால் நீலமாகக் கன்றியிருந்தது. "என்ன பாட்டி ஆச்சு?" என்றேன். பதில் சொன்னது மகன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க." பாட்டி நிமிரவே இல்லை, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

வயதானவர்களுக்குத் தோல் மெலிந்துபோயிருக்கும், லேசாக இடித்தாலே ரத்தம் கட்டும். சரி. ஆனால் தானாகப் படுவது பெரும்பாலும் கை கால்களில்தான். அமெரிக்காவில் 2005-ல் வந்த ஓர் ஆய்வில், முதியவர்களுக்குத் தற்செயலாக ஏற்பட்ட ரத்தக்கட்டுகளில் ஏறக்குறைய 90 சதவீதம் கை கால்களில் இருந்தன. காதிலோ கழுத்திலோ ஒன்றுகூட இல்லை.

அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஒரே வருடத்துக்குள் ஏதாவதொரு கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது யார் கண்ணிலும் படாமல் நடப்பதில்லை. மாத்திரை வாங்க வராததை மருந்துக்கடைக்காரர் பார்க்கிறார். வழக்கத்துக்கு மாறாகப் பணம் போவதை பேங்கில் பார்க்கிறார்கள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்றே புரியாமல் உட்கார்ந்திருப்பவரை வக்கீல் பார்க்கிறார். ஆளுக்கொரு துண்டு. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டியில் 2003-ல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். டாக்டர், மனநல நிபுணர், போலீஸ், அரசு வக்கீல், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேஸாகப் பேசுவார்கள். ரத்தக்கட்டு எப்படி வந்திருக்கும் என்று டாக்டர் சொல்லலாம். அந்தக் கையெழுத்து மனமறிந்து போட்டதா என்பதற்கு மனநல நிபுணர் வேண்டும். இரண்டும் இல்லாமல் போலீஸ் வழக்கை எப்படி நிரூபிக்கும்? ஒருவர் விவரத்தை இன்னொருவரிடம் சொல்லலாமா என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. அதற்கு விதிமுறை வகுத்துக்கொள்ளலாம். ரகசியம் என்று சொல்லி ஆளுக்கொரு பக்கம் வாயை மூடிக்கொள்வதால் கொடுமை செய்பவருக்குத்தான் லாபம்.

அப்புறம், மேஜையில் யார் இருந்தாலும் அந்த முதியவரின் விருப்பத்தை முதலில் கேட்க வேண்டும். அன்று ஒரு ஃபாரம் வாங்கி வரச் சொல்லி மகனை வெளியே அனுப்பினேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவனை போலீஸ்ல குடுத்துடாத கண்ணு. அடிக்காம இருந்தா போதும். வேலை போனதுல இருந்துதான் இப்படி."

டாக்டரிடம் சொன்னேன், கேஸ் ஷீட்டில் எழுதினேன். அந்த மகனிடம் பேச யாரைக் கூப்பிடுவது, பாட்டி வீட்டுக்குப் போன பிறகு யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று எங்கள் வார்டில் யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் மகனோடுதான் கிளம்பிப் போனார்.