யார் பேசுகிறார்கள், யாரிடம்?

சிங்கப்பூரில் உயர்நிலை 2 பிள்ளைகள் அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம். பெற்றோர் சந்திப்பில் ஒரு தமிழ் அப்பா, ஆங்கில இலக்கிய ஆசிரியரான என்னிடம் சொன்னார்: "டீச்சர், இவனுக்கு இங்கிலீஷே தகராறு. லிட்டரேச்சர் எதுக்குங்க? ஜியாகிரஃபி எடுத்தா மார்க்காவது வரும்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த எண்ணம் தவறு. ஏனென்றால் அந்தப் பையன் இருக்கும் இடத்தில் நானும் இருந்தேன்.

உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நாங்கள் பேசியது தமிழ் மட்டும்தான். அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறை வெல்டர். நான் வழக்கநிலை ஏட்டுக்கல்விப் பிரிவு, அதாவது விரைவுநிலைக்கு அடுத்தபடியாக வைத்த பிரிவு. உயர்நிலை 3 வந்ததும் எங்கள் வகுப்புக்கு ஆங்கில இலக்கியமே கிடையாது, "உங்களுக்குக் கஷ்டம்" என்று முடித்துவிட்டார்கள். அந்த வார்த்தை இன்றுவரை வலிக்கிறது.

இலக்கியம் எனக்குத் தமிழ் வகுப்பில்தான் கிடைத்தது. பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு சங்க அகப்பாட்டை எங்கள் தமிழாசிரியர் பலகையில் எழுதினார். பொருள் சொல்லவில்லை. "யார் பேசுறா? தலைவியா, தோழியா? யார்கிட்ட? என்ன பொழுது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கார்காலம், மாலை நேரம், வராதவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். பாதிச் சொற்கள் புரியாமலே இவ்வளவையும் நாங்களே கண்டுபிடித்தோம்.

அப்புறம் உயர்நிலை 5, தொடக்கக் கல்லூரி, அங்கே கெஞ்சி வாங்கிய இலக்கியப் பாடம், பல்கலைக்கழகம். ஒப்பந்த ஆசிரியராகச் சில மாதங்கள் இருந்து, 2010-ல் தேசியக் கல்விக் கழகத்தில் ஓராண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். என் இரண்டு பாடங்கள் ஆங்கிலமும் ஆங்கில இலக்கியமும். "தமிழ்ப் பொண்ணு தமிழ் டீச்சர் ஆகலையா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். அந்தத் தமிழாசிரியரின் மூன்று கேள்விகளைத்தான் நான் ஆங்கில வகுப்புக்குக் கொண்டுபோனேன். முன்பின் பார்த்திராத கவிதையைத் தேர்வுத்தாளில் கொடுத்து எழுதச் சொல்லும் பகுதிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1992-ல் ஏறக்குறைய 17,000 பேர் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வில் ஆங்கில இலக்கியத்தை முழுப் பாடமாக எழுதினார்கள். 2012-ல் சுமார் 3,000 பேர். இடையில் 2001-ல் சமூகக் கல்வி கட்டாயமாகி இலக்கியத்துக்கான இடத்தைக் குறைத்தது ஒரு காரணம். மதிப்பெண் பயம் இன்னொன்று, இதுதான் பெரியது என்பது என் கருத்து. 2024-ல் உயர்நிலை 1 சேர்ந்தவர்கள் முதல் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவே இல்லை. ஆனால் "இது உனக்கில்லை" என்ற பேச்சு இன்னும் போகவில்லை. ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளை ஒரு வரியை வேகமாகக் கடந்துவிடும். தடுமாறும் பிள்ளை ஒவ்வொரு சொல்லிலும் நின்று பார்க்கும். கவிதை கேட்பது அந்த நிதானத்தைத்தான்.

போன மாதம் வகுப்பில், அப்பாவின் சட்டையைப் பற்றிய ஒரு கவிதையைக் கொடுத்தேன். யாரிடம் பேசுகிறார் என்று கேட்டதும் எல்லோரும் "அப்பாவிடம்" என்றார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் மெதுவாக, உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான்: "அப்பா இப்ப இல்லை டீச்சர். சட்டை மட்டும்தான் இருக்கு." வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அண்ணே, அவன் உங்கள் மகன். வெள்ளிக்கிழமைக்குள் படிவம் வர வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கவிதையை அவனை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.