பதிவகம் அறங்காவலர்தான், உரிமையாளர் அல்ல

இணையதள முகவரிகளான டொமைன் பெயர்களின் விலை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், போட்டி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பெயரை நமக்கு விற்கும் முகவர்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஒருவரைப் பிடிக்காவிட்டால் இன்னொருவரிடம் மாறிக்கொள்ளலாம். ஆனால் டாட் காம் என்று முடியும் அத்தனை பெயர்களின் மூலப் பதிவேடும் வெரிசைன் என்ற ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. இப்படி மூலப் பதிவேட்டைப் பராமரிக்கும் அமைப்பைத்தான் பதிவகம் என்கிறோம். வெரிசைனிடமிருந்து விலக வேண்டுமானால் பெயரையே கைவிட வேண்டும்; அந்தப் பெயரில் இயங்கும் மின்னஞ்சல் முகவரிகளும், பிற தளங்கள் தந்திருக்கும் இணைப்புகளும் கூடவே போய்விடும்.

1994இல் இணைய முன்னோடி ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 1591 என்ற ஆவணம், பதிவேட்டைப் பராமரிப்பவர் சமூகத்தின் சார்பில் செயல்படும் அறங்காவலர் என்றும், இதில் உரிமை கொண்டாடுவது பொருந்தாது, பொறுப்பும் சேவையுமே முக்கியம் என்றும் கூறியது. அந்தக் கொள்கை ஒப்பந்த விதியாக மாறாததன் விளைவை, தொண்டு நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்தும் டாட் ஆர்க் பெயர்களின் விவகாரத்தில் பார்த்தோம்.

2019 ஜூன் இறுதியில், டாட் ஆர்க் பெயர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் என்றிருந்த விலையேற்ற வரம்பை, டொமைன் பெயர் முறையை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு நீக்கியது. கருத்துக் கேட்பில் ஆயிரக்கணக்கானோர் எழுதியிருந்தார்கள், பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள், அதனால் எதுவும் மாறவில்லை. (கேட்டுவிட்டு ஒதுக்குவதற்குக் கருத்துக் கேட்பு எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) அதே ஆண்டு நவம்பரில், டாட் ஆர்க்கை நடத்தும் லாப நோக்கற்ற பதிவகத்தை எத்தோஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாக அதன் தாய் அமைப்பான இன்டர்நெட் சொசைட்டி அறிவித்தது. பதிவகத்தின் தலையில் 36 கோடி டாலர் கடன் விழும் ஏற்பாடு அது. அந்தக் கடனைக் கடைசியில் யாருடைய புதுப்பிப்புக் கட்டணம் அடைத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தொண்டு நிறுவனங்கள் போராடின, கலிஃபோர்னியா மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஆட்சேபக் கடிதம் எழுதினார், 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் அனுமதி மறுத்தது. விற்பனை நின்றதே தவிர, விலை வரம்பு திரும்பி வரவில்லை.

அப்படியானால் அரசிடமே ஒப்படைத்துவிடலாமே என்பவர்களுக்கும் டாட் காம் ஒரு பதில் தருகிறது. அதன் விலை வரம்பு அமெரிக்க வணிகத் துறையுடனான ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆறு ஆண்டுகளில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 7 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ள 2018இல் அத்துறை இசைந்தபோது, உலகம் முழுவதும் பெயர் வைத்திருப்பவர்களுக்கு அதில் எந்தக் குரலும் இருக்கவில்லை.

பிரிட்டனின் டாட் யூகே பெயர்களை நடத்தும் நாமினெட்டில் 2021 மார்ச்சில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரையும் சில இயக்குநர்களையும் நீக்கினார்கள். வாக்குரிமை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆயினும் அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெயர்களை விற்கும் முகவர்களே. பெயரை வைத்திருக்கும் சாதாரண மனிதருக்கு அங்கும் வாக்கு இல்லை. ஆகவே ஒரு பதிவகம் கைமாறும்போதோ, விலை வரம்பு தளர்த்தப்படும்போதோ, அதில் பெயர் பதிந்தவர்களின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்பதை ஐகான் ஒவ்வொரு பதிவக ஒப்பந்தத்திலும் கட்டாய விதியாகச் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆண்டுதோறும் அவர்களுக்குப் புதுப்பிப்பு நினைவூட்டல் தவறாமல் போய்ச் சேரும்போது, ஒரு வாக்குச்சீட்டை அனுப்புவதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இருக்க முடியாது.