சோளத்தில் செய்த பை மண்ணில் மக்கிவிடுமா?

"இது சோளத்தில் செய்த பை. தோட்டத்தில் புதைத்தால் மூன்றே மாதத்தில் உரமாகிவிடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நம்பிப் புதைத்துவிடாதீர்கள்.

சோள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, புளிக்கவைத்து, அதில் வரும் லாக்டிக் அமிலத்திலிருந்து பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கைச் செய்கிறார்கள். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே அது வாழையிலை மாதிரி மக்கிவிடாது. பிஎல்ஏ வேகமாகச் சிதைய ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூடும் ஈரமும் வாரக்கணக்கில் விடாமல் இருக்கவேண்டும். பெரிய உர ஆலைகளில் அது நடக்கும். கொல்லைப்புறக் குழியில் நடக்காது.

இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தார் சோதித்தே பார்த்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில், உரமாக மக்கும் என்று விற்கப்பட்ட பை 27 மாதம் கழித்தும் மண்ணுக்குள் கிடந்தது. சாமான் போட்டால் கிழிந்தது, அவ்வளவுதான். 'உயிரிச் சிதைவுறும்' (நுண்ணுயிர்களால் சிதையும்) என்று அச்சிட்ட இன்னொரு பையோ 3 ஆண்டுக்குப் பிறகும் சாமானைத் தாங்கியது!

அப்புறம் ஒன்று: பிஎல்ஏ பாட்டிலைத் தண்ணீர் பாட்டில்களோடு சேர்த்து மறுசுழற்சிக்குப் போடாதீர்கள். உருகும் வெப்பநிலை வேறு என்பதால் மொத்தச் சரக்கும் கெடும்.