பஞ்சாங்கப் பிரதோஷமும் மும்பைச் சூரியனும்

திரயோதசி தோறும் மாலை 4.30 முதல் 6 மணி வரை பிரதோஷம் என்று நாட்காட்டியில் அச்சிட்டுவிடுகிறார்களே, அந்த நேரத்தில் மும்பையில் வேலைக்குப் போகிற எவரால் நந்தியின் எதிரே போய் நிற்க முடியும்? பிரதோஷம் என்பது சூரிய அஸ்தமனத்தை ஒட்டிய காலம். சென்னைக்கு மேற்கே தீர்க்கரேகையில் ஏறத்தாழ 7 பாகை தள்ளி இருப்பதால் இங்கே பொழுது சாயச் சராசரியாக அரை மணி நேரம் கூடுதலாகும். மே மாதத்தில் ஏழு மணியாகிவிடும். ஆனாலும் எங்கள் செம்பூர்ப் பக்கத்துக் கோயிலில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே அபிஷேகத்தைத் தொடங்கி, ஆறு அடிப்பதற்குள் தீபாராதனையையும் முடித்துவிடுகிறார்கள்.

அலுவலகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மற்ற நாட்களில் சும்மா இருக்கும் மேலாளருக்கு அன்றைக்குப் பார்த்து ஐந்து மணிக்குத்தான் மீட்டிங் வைக்கத் தோன்றும். ஒருவழியாகத் தப்பித்து ஹார்பர் லைன் ரயிலில் ஏறினால், ஒரு கையில் மேல்கம்பியும் மறு கையில் வில்வப் பொட்டலமுமாகத் தொங்கிக்கொண்டு, காதருகே யாரோ சத்தமாக ஓடவிடும் ரீல்ஸுக்கு நடுவே (இயர்போன் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்கள் போலும்) பஞ்சாட்சரத்தை முணுமுணுக்க வேண்டியிருக்கிறது. குர்லாவில் இறங்குகிற கூட்டமும் ஏறுகிற கூட்டமும் நெருக்கித் தள்ளுவதில் வில்வம் கசங்கிப்போகிறது, கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால் ஈரத் தரையும் காலித் தொன்னைகளும்தான் மிச்சம்.

குருக்களிடம் கேட்டால், "பஞ்சாங்கத்துல அப்படித்தானே சார் போட்டிருக்கு" என்கிறார். அது எந்த ஊர் அஸ்தமனத்துக்குக் கணித்தது என்பதை மட்டும் அவரும் பார்ப்பதில்லை, கமிட்டிக்காரர்களும் பார்ப்பதில்லை.