கோவில் கொடை வீடியோ பார்க்க நெட் எதற்கு?

'ராஸ்பெரி பை எல்லாம் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு, வீட்டு டிவிக்கு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கே போதும்' என்று உங்கள் பதிவை முடித்திருக்கிறீர்கள் அண்ணாச்சி. (ராஸ்பெரி பை என்பது டிவியில் மாட்டக்கூடிய, உள்ளங்கை அளவுக் குட்டிக் கம்ப்யூட்டர்.) நெட்டில் ஓடிடி மட்டுமே பார்க்கிற வீட்டுக்கு அந்த ஸ்டிக் சரி. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில் மழை பிடித்தால் நெட் போய்விடும். நாங்கள் பார்ப்பதோ கல்யாண வீடியோ, கோவில் கொடையில் எடுத்த வில்லுப்பாட்டு, சித்தப்பா சேர்த்துவைத்த நாதஸ்வரம். எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்கில் இருக்கிறது.

பை 4 மாடலில் அந்த டிஸ்கை மாட்டி, லிப்ரெஎலெக் என்ற மென்பொருளைப் போட்டுவிட்டால், ஆன் செய்ததும் நேரே வீடியோ, பாட்டு போடும் 'கோடி' (Kodi) ஆப்பின் திரைதான் வரும். டிவி செட்டிங்கில் சிஇசியை (HDMI-யில் மாட்டிய கருவியை டிவி ரிமோட்டாலேயே இயக்கும் வசதி) ஆன் செய்தால் டிவி ரிமோட்டே அதற்கும் வேலை செய்யும். கீபோர்டு, மவுஸ் எதுவும் வேண்டாம். எங்கள் ஆச்சி யாரையும் கூப்பிடாமல் தானே வில்லுப்பாட்டைத் தேடிப் போட்டுக்கொள்கிறாள். இதைவிடச் சுலபம் வேறென்ன வேண்டும்?

கவனிக்க வேண்டியது கரண்டைத்தான். பழைய போன் சார்ஜரில் போட்டால் திரை ஓரத்தில் மின்னல் குறி வரும், படம் திக்கும். 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரே வாங்குங்கள். பெரிய ஹார்டு டிஸ்க் என்றால் அதற்குத் தனி அடாப்டர் இருப்பது நல்லது. திடீரென்று கரண்ட் போனால், லிப்ரெஎலெக் இருக்கும் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். அதனால் கார்டுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள், முடிந்தால் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று: 2023-ல் வந்த பை 5-ல் 3.5 மி.மீ. ஆடியோ ஜாக் கிடையாது. பழைய ஆம்ப்ளிஃபயரில் நேரே மாட்ட நினைப்பவர்கள் பை 4-ஐயே எடுங்கள்.